சாவி யாரிடம் இருக்கிறது: புதுக்கடைச் சட்ட அலுவலகம் ஒன்றின் ஆவணங்களும் கிளவுட் பற்றிய அதன் முடிவும்

கொழும்பு 12, புதுக்கடையில், நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு சட்ட அலுவலகம், 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் ஆவணங்களை எங்கே வைத்திருப்பது என்ற கேள்வியோடு ஆலோசகரான என்னை அழைத்தது. நான்கு சட்டத்தரணிகளும் ஆறு இலிகிதர்களும் அங்கே வேலை செய்கிறார்கள்; வெள்ளவத்தையில் ஒரு சிறிய கிளை இருக்கிறது. கட்சிக்காரர்களில் பெரும்பகுதியினர் வடக்கிலும் கிழக்கிலும் காணி உள்ளவர்கள், ஆனால் இலண்டனிலோ டொரன்டோவிலோ வசிப்பவர்கள். ஆகவே உறுதிகள் (காணிப் பத்திரங்கள்), அற்றோணித் தத்துவங்கள் (ஒருவருக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரங்கள்), மரண சாதனங்கள் (உயில்கள்), முதுசக் காணி பிரிப்பு வழக்குகளின் கோவைகள் என்பனவே அந்த அலுவலகத்தின் சொத்து. அவற்றுடன் தனியார் கம்பனிகள் சிலவற்றின் பங்கு உடன்படிக்கைகளும் கடன் ஆவணங்களும் உண்டு.

அலுவலகத்தின் பெயரையும் அதை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டு, நாங்கள் எப்படிச் சிந்தித்தோம், எங்கே பிழைவிட்டோம், ஏன் இந்த முடிவுக்கு வந்தோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அப்போது இருந்த ஏற்பாடு

2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது, வெல்லம்பிட்டியில் வாடகைக்கு எடுத்திருந்த களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருந்த பழைய கோவைகளில் ஒரு பகுதி நீரில் ஊறிப் போனது. ஊறிய தாள்களை விரித்துக் காயவைத்த அந்த வாரங்களுக்குப் பிறகுதான் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்வதென்று மூத்த சட்டத்தரணி தீர்மானித்தார். மேல்மாடியில் ஒரு சிறிய அறைக்குக் குளிரூட்டி பொருத்தி, சேர்வர் ஒன்றை வாங்கி வைத்தார்கள். ஒன்றின் பிரதியை மற்றொன்று தாங்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் அதில் இருந்தன. பக்கத்தில் ஒரு யூபிஎஸ், அதன் மேல் எப்போதும் செருகியே இருந்த ஒரு வெளி டிஸ்க். காப்புப் பிரதி அந்த டிஸ்க்கில்தான். கணினி வேலைகளை வெளியிலிருந்து வாரம் இருமுறை வரும் ஒரு தொழில்நுட்பவியலாளர் பார்த்துக்கொண்டார்.

2024 சனவரியில் சேர்வரின் ஒரு டிஸ்க் பழுதானது. மற்ற டிஸ்க் இயங்கியதால் வேலை நிற்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கையாக வெளி டிஸ்க்கிலிருந்து ஒரு கோவையை மீட்டுப் பார்க்கச் சொன்னபோதுதான், காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருள் பல மாதங்களுக்கு முன்பே இடம் போதாமல் நின்றுவிட்டது தெரியவந்தது. ஒவ்வொரு இரவும் அது பிழைச் செய்தி எழுதிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் முகவரி, வேலையை விட்டுப்போன ஓர் இலிகிதருடையது. அதே நாளில் இன்னொன்றும் வெளிப்பட்டது: சேர்வரில் இருந்தது விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2023 அக்டோபர் 10 உடன் நிறுத்திவிட்டது.

பக்கத்து டிஸ்க்கில் பிரதி இருப்பதைக் காப்புப் பிரதி என்று நம்புவது இங்கே பல அலுவலகங்களில் நான் கண்ட பிழை. ஒரு டிஸ்க் இயந்திரரீதியாகப் பழுதானால் மட்டுமே அது கைகொடுக்கும். யாராவது ஒரு கோவையை அழித்தால் இரண்டிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் இரண்டும் பூட்டப்படும், செருகியே வைத்த வெளி டிஸ்க்கும் கூடவே போகும்.

கேள்வியை மாற்றி வைத்தது

அலுவலகம் என்னிடம் கேட்டது ‘கிளவுடா, புதிய சேர்வரா’ என்பது; அதாவது, கோப்புகளை இணையத்தின் வழியே ஒரு கம்பனியின் தரவு மையத்தில் வைப்பதா, அலுவலகத்திலேயே சொந்தக் கணினியில் வைப்பதா. இளைய சட்டத்தரணிகள் கிளவுட் பக்கம் நின்றார்கள். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. முதல் சந்திப்பிலேயே அவர் சொன்னது: “தம்பி, அலுமாரிச் சாவி என்ர கையில இருக்கோணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது.” அந்த வாக்கியத்தை நான் குறித்துக்கொண்டேன். அடுத்த மூன்று மாத வேலையில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற குழப்பம் வந்தபோதெல்லாம் அதற்கே திரும்பி வந்தோம்.

இரு தரப்பும் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட செய்தி ஒன்றுதான். 2023 ஆகஸ்ட் இறுதியில் அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது நடந்த ரான்சம்வேர் தாக்குதலில், ஏறக்குறைய 5000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் அழிந்தன. மூத்தவர் இதைக் கிளவுட் மீது நம்பிக்கை வைக்கக் கூடாது என்பதற்குச் சான்றாகக் காட்டினார். உண்மையில் அங்கே பிழைத்த இடம் வேறு. காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருள் இயங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அந்தக் காலத்துக்கு வலையமைப்பிலிருந்து விலக்கி வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. இரண்டுமே அந்த மேல்மாடி அறையிலும் அப்படியே இருந்தன. பெயர் கிளவுட் என்றாலும் சேர்வர் என்றாலும் அழிவு வந்த வழி ஒன்று என்பதை அவர் பொறுமையோடு கேட்டு ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகே நாங்கள் ஆவணங்களைப் பார்க்கத் தொடங்கினோம். ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்டோம்: இது வெளியே கசிந்தால் யாருக்கு என்ன ஆகும், இது அழிந்தால் மீட்க வழி உண்டா, இன்று பிற்பகல் இது கிடைக்காவிட்டால் எது நின்றுபோகும். இந்த வேலைக்கு இரண்டு கிழமை எடுத்தது. நானே அதை இரண்டு நாள் வேலை என்று கணக்கிட்டிருந்தேன்.

உறுதி என்ற ஆவணத்தின் தனித்தன்மை

இங்கே நம் நாட்டுச் சட்டமே முடிவின் பாதியைச் செய்து தந்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம், உறுதிகளை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் கையொப்பமிடப்பட வேண்டும். இலத்திரனியல் ஆவணங்களுக்கு வலுக்கொடுத்த 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும், காணி விற்பனை, மரண சாதனம், அற்றோணித் தத்துவம் போன்றவற்றைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. மூல உறுதி கட்சிக்காரரிடம் போகிறது. இரண்டாம் பிரதி மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. நொத்தாரிசின் பிரதி அலுவலகத்தின் இரும்பு அலுமாரியில் இருக்கிறது. ஆகவே ஸ்கேன் செய்த உறுதி எல்லாம் அழிந்தாலும் ஒருவருடைய காணி உரிமை அழியாது. கஷ்டப்பட்டாலும் மீண்டும் ஸ்கேன் செய்யலாம்.

கசிந்தால் நிலைமை முற்றிலும் வேறு. உரிமையாளர் கடல் கடந்து இருக்கும் காணிகளில் கள்ள அற்றோணித் தத்துவம் எழுதி விற்பவர்களுக்கு வேண்டியது மூலத் தாள் அன்று. உரிமையாளரின் கையொப்பம் எப்படி இருக்கும், அடையாள அட்டை இலக்கம் என்ன, எல்லைகள் எவை, எத்தனை பரப்பு, எந்தப் பதிவேட்டின் எந்த மடிப்பில் பதிந்திருக்கிறது என்ற விவரங்கள் போதும். அவை அனைத்தும் ஒரே ஸ்கேன் பிரதியில் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் வெறும் நகல், களவு செய்பவன் கண்ணில் முழுச் சரக்கு.

சட்டக் கருத்துரைகள், வரைவுகள், கட்சிக்காரருடனான கடிதப் போக்குவரத்து ஆகியவற்றில் இது தலைகீழ். அவற்றுக்குத் தாளில் மூலம் கிடையாது, அழிந்தால் அழிந்ததுதான். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு, கட்சிக்காரர் தன் சட்டத்தரணியிடம் தொழில் நிமித்தம் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆகவே இவை கசியவும் கூடாது, அழியவும் கூடாது.

இந்தப் பிரிப்பு முடிந்ததும், அலுவலகத்தின் ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இடம் தேடுவது பிழை என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது.

சொந்தச் சேர்வரின் கணக்கு

புதிய சேர்வரை வாங்கும் யோசனையை நான் நேர்மையாகவே கணக்கிட்டேன். கொழும்பில் அதற்கு நல்ல நியாயங்கள் உண்டு. இணையம் அறுந்தாலும் கோவை திறக்கும். நூறு பக்க வழக்கேட்டின் ஸ்கேன் நொடியில் வரும். செலவு பெரும்பாலும் ரூபாயில், ஒரே தடவையில் முடியும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியதைக் கண்ட எவருக்கும், மாதந்தோறும் டொலரில் கட்டணம் செலுத்தும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது கை நடுங்கும். அந்த அச்சத்தை மதிக்காத ஆலோசகர் இந்த ஊரில் வேலை செய்யக் கூடாது.

ஆனால் அதே 2022 இன் மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. யூபிஎஸ் பேட்டரிகள் அந்தக் காலத்தில் தேய்ந்து, பிறகு மாற்றப்படவேயில்லை. சேர்வர் என்ற பெட்டியின் விலை மொத்தச் செலவில் சிறு பகுதி. பேட்டரி, குளிரூட்டி, உரிமக் கட்டணம், வெளியே வைக்கும் இரண்டாவது காப்புப் பிரதி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு மாதமும் பாதுகாப்புத் திருத்தங்களைப் போட்டுப் பதிவேட்டைப் பார்க்கும் ஒரு மனிதர் என்பனவே மீதிச் செலவு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வன்னாகிரை என்ற ரான்சம்வேர், மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்த திருத்தத்தைப் போடாத கணினிகளில்தான் புகுந்தது. வாரம் இருமுறை வருபவரால் அந்த வேலையை நம்பத்தக்க விதத்தில் செய்ய இயலாது. அது அவருடைய குறையும் அன்று.

சாவி பற்றிய விடயத்தில்தான் மூத்தவர் அதிர்ந்தார். சேர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று ஒரு பட்டியல் எடுத்தோம். தொழில்நுட்பவியலாளர், அவருக்கு முன் வேலை பார்த்தவர், ஸ்கேன் வேலைக்காகத் தற்காலிகமாக வந்த இரண்டு இளைஞர்கள், வேலையை விட்டுப்போன அந்த இலிகிதர். மூத்தவருக்குத் தெரியாது. எட்டு வருடமாகத் தன் கையில் இருப்பதாக அவர் எண்ணியிருந்த சாவி ஐந்து பேருடைய கையில் இருந்தது.

ஐந்தாண்டுச் செலவை மூன்று டொலர் விலைகளில் கணக்கிட்டோம்: அப்போதைய 310 ரூபாய் அளவு, 400, 500. முதல் இரண்டிலும் கிளவுட் குறைவாக வந்தது. 500 இல் சற்றுக் கூடியது. முழுநேர ஊழியர் ஒருவரைச் சேர்த்துக் கணக்கிட்டால் 500 இலும் சொந்தச் சேர்வரே கூடுதல்.

கிளவுடின் கணக்கு

அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகுள் மூன்றின் பெரிய தரவு மையங்களும் இலங்கையில் இல்லை. நமக்கு அருகில் மும்பை, சென்னை, சிங்கப்பூர் முதலியன உண்டு. ஆகவே கிளவுட் என்றால் கட்சிக்காரரின் தரவு நாட்டை விட்டுப் போகிறது என்று பொருள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை, 2024 இல் இருந்த வடிவில், உட்கார்ந்து வரிவரியாக வாசித்தோம். அரச அதிகாரசபைகள் தரவை நாட்டுக்குள் வைத்தே கையாள வேண்டும் என்பதைப் பொது விதியாகக் கொண்ட அச்சட்டம், தனியாருக்கு உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் வெளிநாட்டில் கையாள வழிவிட்டது. சமய, இன விவரம், உடல்நலம், குற்றவியல் நடவடிக்கை, பிள்ளைகள் பற்றிய தரவு ஆகியவற்றை அது தனிச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. விவாகரத்து வழக்கேடு ஒன்றில் இவை பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். தண்டப்பணம் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். சட்டத்தின் முக்கிய பகுதிகள் அமுலுக்கு வரும் திகதி பின்னர் தள்ளிப்போனாலும், அந்த அளவுகோலையே நாங்கள் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, வேற்று நாட்டின் அதிகாரம். அமெரிக்காவின் 2018 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அமெரிக்கக் கம்பனிகள் தங்கள் வசமுள்ள தரவை, அது எந்த நாட்டில் இருந்தாலும், உரிய ஆணையின் பேரில் அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைக்கக் கட்டாயப்படுத்துகிறது. தரவு மையம் சென்னையில் இருப்பதால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. திறவுகோல் அக்கம்பனியிடம் இல்லாவிட்டால், ஒப்படைப்பது மறைகுறியாக்கம் செய்த, அதாவது திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டிய, குவியலை மட்டுமே.

கிளவுட் கம்பனிகளும் தவறும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் எரிந்தபோது, காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம், எங்கள் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் கணக்கு தவறுதலாக அழிக்கப்பட்டது. வேறொரு கம்பனியிடம் காப்புப் பிரதி வைத்திருந்ததால் அது மீண்டெழுந்தது. 2019 இல் கெப்பிட்டல் வன் வங்கியிலிருந்து பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் களவாடப்பட்டதற்கு, வாடிக்கையாளர் பக்கத்தில் பாதுகாப்பு அமைப்பு பிழையாகப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கம்பனி பொறுப்பு. யார் எதைத் திறக்கலாம் என்பதற்கு நாமே பொறுப்பு. ஒப்பந்தத்தில் இது எழுதியே இருக்கிறது.

மறைகுறியாக்கமும் தேடலும்

அதிக நேரம் எடுத்தது இந்தப் பகுதி. கோப்பு கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்தபின் கம்பனி தன் திறவுகோலால் பூட்டுவது ஒரு வகை. அலுவலகக் கணினியிலேயே பூட்டி, பூட்டியதை மட்டும் அனுப்புவது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் மூத்தவர் கேட்ட பொருளில் சாவி அவர் கையில் இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் கிளவுட் மென்பொருளால் கோப்புக்குள் இருக்கும் சொற்களைத் தேட முடியாது, உலாவியில் திறந்து காட்டவும் முடியாது.

வரைவுகளும் கருத்துரைகளும் எழுதுகிற இளைய சட்டத்தரணிகளுக்குத் தேடல் இல்லாத அமைப்பு பயனற்றது. உறுதிகளில் நிலைமை வேறு. பழைய உறுதிகளில் பல கையெழுத்துத் தமிழில் இருப்பதால் ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி மென்பொருள் அவற்றில் தடுமாறியது. சோதித்துப் பார்த்த பக்கங்களில் காணிப் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்து வந்தன. நல்ல வேளையாக, தலைமை இலிகிதர் முப்பது வருடமாகத் தன் கைப்பட எழுதி வந்த ஒரு பதிவேடு இருந்தது: உறுதி இலக்கம், திகதி, தோம்புப் பெயர் (பழைய காணிப் பதிவேட்டில் உள்ள பெயர்), பரப்பு, பதிவகம், கட்சிக்காரர். அதைத் தட்டச்சு செய்து ஓர் அட்டவணையாக்கினோம். உறுதியைத் தேட அந்த அட்டவணை போதும். கோப்பு பூட்டியே இருக்கலாம். மென்பொருள் விற்க வந்த எவரும் இந்தத் தீர்வைச் சொல்லவில்லை. “சேர், இது என்ர கொப்பியில இருக்கே” என்று அவர்தான் சொன்னார்.

எடுத்த முடிவு

வரைவு, கடிதப் போக்குவரத்து, நடப்பு வழக்கேடு ஆகியவை கிளவுடில், சிங்கப்பூர்த் தரவு மையத்தில், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைத்து. யார் எந்தக் கோவையைத் திறந்தார் என்ற பதிவை மாதம் ஒருமுறை ஒரு சட்டத்தரணி வாசிக்கிறார். உறுதிகள், அற்றோணித் தத்துவங்கள், மரண சாதனங்களின் ஸ்கேன்கள் அலுவலகத்திலேயே பூட்டப்பட்டு, குறித்த காலத்துக்கு எவராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாத வகைச் சேமிப்பில், வேறொரு கம்பனியிடம். இவற்றின் இன்னொரு பிரதி, மறைகுறியாக்கம் செய்த இரண்டு டிஸ்க்குகளில், மாறி மாறி, வலையமைப்பில் செருகாமல்: ஒன்று அலுமாரியில், மற்றது வெள்ளவத்தைக் கிளையில். மேல்மாடிச் சேர்வர் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் ஒரு சிறிய சேமிப்புப் பெட்டி மட்டும், இணையம் இல்லாத நேரத்தில் நடப்பு வழக்கேடுகளைத் திறப்பதற்காக.

முழுக் கிளவுட் மலிவு, முழுச் சேர்வர் எளிது. நாங்கள் எடுத்தது இரண்டையும் விடச் சிக்கலானது. பத்துப் பேர் கொண்ட அலுவலகத்துக்கு இந்தச் சிக்கல் கூடுதல் என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. உறுதிகள் இல்லாத வேறொரு வணிக நிறுவனமாக இருந்தால், முழுக் கிளவுடையும் வேறு கம்பனியிடம் ஒரு காப்புப் பிரதியையும் மட்டுமே பரிந்துரைத்திருப்பேன்.

இடமாற்றம் நான்கு மாதம் எடுத்தது. அதில் நான் விட்ட பிழை ஒன்று உண்டு. பழைய சேர்வரில் இருந்த கோவை உரிமைகளை அப்படியே கிளவுடுக்கு ஏற்றினேன். அங்கே ‘எல்லோரும்’ என்று இருந்த ஒரு குழு, கிளவுடில் வெளியாருடன் இணைப்பைப் பகிரும் உரிமையையும் பெற்றுவிட்டது. முதல் மாதப் பதிவை வாசித்த சட்டத்தரணி, ஒரு கம்பனியின் பங்கு உடன்படிக்கைக்குக் கடவுச்சொல் இல்லாத இணைப்பு ஒன்று உருவாக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை யாரும் வெளியிலிருந்து திறக்கவில்லை என்பது பதிவிலேயே தெரிந்தது. அன்றே வெளிப் பகிர்வை முழுவதும் நிறுத்தி, உரிமைகளை வெறுமையிலிருந்து மீண்டும் எழுதினோம். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டுகள் இருந்தன. திங்கட்கிழமை காலை வழக்கு இருந்த இளைய சட்டத்தரணி ஒருவர், மின்வெட்டுக்குள் தன் மடிக்கணினியையும் கைப்பேசி இணையத்தையும் கொண்டு வழக்கேட்டைத் திறந்து நீதிமன்றத்துக்குப் போனார். வெள்ளவத்தைக் கிளையில் ரவுட்டருக்கு பேட்டரி இல்லாததால் அங்கே வேலை நின்றது. பிறகு வாங்கினார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்புச் சோதனை நடக்கிறது. ஆக இளைய இலிகிதர் பதிவேட்டில் கண்ணை மூடி ஒரு உறுதி இலக்கத்தைத் தொடுவார். அந்த உறுதியை அலுமாரி டிஸ்க்கிலிருந்தும் கிளவுடிலிருந்தும் எடுத்து, திறந்து, அலுமாரியில் உள்ள தாளோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடுவார்கள். இரண்டாவது சோதனையில் டிஸ்க் திறக்க மறுத்தது: திறவுகோலின் கடைசி எழுத்தைத் தாளில் பிழையாக எழுதியிருந்தார்கள். கிளவுடுப் பிரதி திறந்தது.

திறவுகோல் இப்போது இரண்டு முத்திரையிட்ட உறைகளில், இரண்டு வங்கிப் பெட்டகங்களில், இரண்டு சட்டத்தரணிகளின் பெயரில் இருக்கிறது. மூத்தவருக்கு எழுபத்தொரு வயது. அவருக்குப் பின் அந்தப் பெட்டகத்தை யார் திறப்பது என்பதை அவர் தன் மரண சாதனத்தில் சேர்த்து எழுதியிருக்கிறார். அதன் நொத்தாரிசுப் பிரதி அலுவலகத்தின் இரும்பு அலுமாரியில், தாளில், இருக்கிறது.